"புரியலன்னா கேளு" என்று சொன்னால் போதுமா?

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். தமிழ்ப் பாடத்தை வரிசையாக எழுந்து வாசிக்கச் சொல்வேன். அவன் முறைக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கும்போதே "சார், பாத்ரூம்" என்று கையைத் தூக்கிவிடுவான். சேட்டை என்றுதான் நினைத்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்க அவனுக்கு நிறைய நேரம் பிடிக்கிறது, நாற்பது பேர் முன்னால் திணற வெட்கம். அவன் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான், எனக்குத்தான் காதில் விழவில்லை.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்பதுதான் நாம் தினமும் செய்யும் தவறு. "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். தனியாகக் கூப்பிட்டு "உனக்கு என்னதான் கஷ்டம்?" என்றாலும் "தெரியல" என்றுதான் வரும். பிள்ளைக்கு நிஜமாகவே தெரியாது. "போர்டைப் பார்த்து எழுதுவது கஷ்டமா, நான் சொல்லச் சொல்ல எழுதுவது கஷ்டமா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த வரி வரைக்கும் புரிந்தது, விரலை வை" என்று சொல்லுங்கள். பதில் வரும்.

அந்தப் பதில் வருவதற்குள் பெரியவர்கள் முந்திக்கொள்வது இன்னொன்று. பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையிடம் கேட்டால் அம்மா பதில் சொல்வார், அப்பா மொபைலைக் குறை சொல்வார். பிள்ளை தரையைப் பார்க்கும்.

குறைபாட்டின் பெயரைத் தெரிந்துகொண்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் டிஸ்லெக்ஸியா போன்றவை) இருக்கிறது. சலுகை வாங்கச் சான்றிதழ் வேண்டும், சரி. ஆனால் "எனக்கு டிஸ்லெக்ஸியா" என்று பிள்ளை சொன்னால் கணக்கு வாத்தியார் என்ன செய்வார்? "சார், கணக்கை ஒருமுறை வாசிச்சுக் காட்டுங்க, நானே போட்டுடுவேன்" என்றால் அவருக்கு வேலை தெளிவாகிவிடும். இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளையின் வாயில் பழக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இதையெல்லாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கென்று தள்ளிப்போடுவது. தமிழ்நாட்டில் தகுதியுள்ள மாணவர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக 1 மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. பள்ளியில் விண்ணப்பமும் போய்விடும். ஆனால் பிள்ளை முதன்முதலாக ஒருவரிடம் விடையைச் சொல்வது அந்தத் தேர்வு அறையிலேயே என்றால் எப்படி?

விடை தெரிந்திருப்பதும் அதைச் சொல்லி எழுத வைப்பதும் ஒன்றல்ல. இப்படி எழுதிய ஒரு பெண், தான் சொன்னது வேறு, தாளில் ஏறியது வேறு என்று தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டாள். கேட்டால், "டீச்சர் எழுதிட்டாங்க சார், எப்படி அடிக்கச் சொல்றது?" என்றாள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று நாம் சொல்லி வளர்த்த பிள்ளை, பாவம். "மிஸ், கடைசி வரியை வாசிங்க", "அதை அடிச்சிடுங்க", "இங்கே புதுப் பத்தி" என்பதையெல்லாம் கூச்சமில்லாமல் சொல்ல, ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே ஒத்திகை வேண்டும். மொழிப்பாட விலக்கையும் பிள்ளையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தமிழ் பிடித்த பிள்ளையிடமிருந்து தமிழைப் பிடுங்கிவிடக் கூடாது.

அப்புறம், ஒரு பிள்ளை துணிந்து வந்து கேட்கும்போது "உனக்கு மட்டும் தனியா நடத்த முடியுமா?" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், மறுபடி கேட்காது. முடியாவிட்டால் "மதியம் சாப்பிட்டதும் வா" என்று சொல்லலாம். சொன்னால் அங்கே இருக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது முந்தின நாளே வந்து "நாளைக்கு எனக்கு எந்தப் பத்தி சார்?" என்று கேட்டு, குறித்துக்கொண்டு போகிறான். பாத்ரூமுக்கும் போகிறான்தான், ஆனால் மணி அடித்த பிறகு.