டைனமோ போய்விட்டது என்று யாராவது சொன்னால் முதலில் மீட்டரை எடுங்கள்

காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பியைத் தள்ளச் சொல்லி இரண்டாவது கியரில் வண்டியைக் கிளப்பி, நேராக பேட்டரிக் கடைக்குப் போய், அவர் சொன்ன பேச்சைக் கேட்டுப் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுசு மாட்டிக்கொண்டு வந்தேன். நாலாம் நாள் ராத்திரி மழையில் செங்கல்பட்டு தாண்டியதும் ஹெட்லைட் மஞ்சளடித்தது, வைப்பர் பாதிக் கண்ணாடியில் களைத்துப்போய் நின்றது. பாவம், பழைய பேட்டரி மேல் ஒரு தப்பும் இல்லை. எஞ்சின் சுற்றும்போது கரன்ட் உண்டாக்கி அதற்குச் சோறு போட வேண்டிய ஆல்டர்னேட்டர் போடவில்லை, அவ்வளவுதான். (நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு அது இன்றைக்கும் டைனமோதான். கடையில் அப்படியே கேளுங்கள், சரியாக எடுத்துக் கொடுப்பார்கள்.)

அன்றிலிருந்து சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று என் டேஷ்போர்டிலேயே கிடக்கிறது. அதை டிசி 20 வோல்ட்டில் வைத்து, காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் பேட்டரியின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. இப்போது எஞ்சினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.4-லேயே நின்று மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அந்த வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். சரியாக 14 காட்டுகிறதே என்று அத்தோடு விடவும் கூடாது. ஹை பீம், ஏசி ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிக்கும்போதும் 13.3-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும்.

புது வண்டிக்காரர்கள் கவனிக்க: இப்போது வரும் பல கார்களில் சார்ஜிங்கை ஈசியூதான் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) முடிவு செய்கிறது, 12.8-க்கு இறங்கும், 14.8-க்கு ஏறும், அது கோளாறு இல்லை. மைல்ட் ஹைபிரிட் (எஞ்சினுக்குத் துணையாகச் சின்ன மின் மோட்டாரும் உள்ள வண்டி) என்றால் வீட்டில் கையே வைக்காதீர்கள்.

இன்னொன்று. வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்து, எஞ்சின் நின்றால் டைனமோ அவுட் என்று சொல்லும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். கழற்றும் அந்த நொடியில் வோல்டேஜ் துள்ளி 100-ஐ நெருங்கக்கூடும், ஆல்டர்னேட்டருக்குள் ஏசி கரன்ட்டை டிசியாக மாற்றும் டயோடோ ஈசியூவோ போய்விடும். பழைய நிஜ டைனமோ வண்டிகளின் காலத்துப் பழக்கம் அது, பெரியவர்கள் சொன்னாலும் வேண்டாம்.

சரி, சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்துவிட்டது. உடனே ஆல்டர்னேட்டரைக் கழற்ற வேண்டாம், முதலில் வெளியே பாருங்கள். சாவியை ஆன் செய்து எஞ்சினைக் கிளப்பாமல் வைத்தால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பு ஃபியூஸாகியிருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டருக்குப் போகும் மெல்லிய ஒயர் அறுந்திருக்கலாம், பழைய வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கு வழியாக வரும் சின்ன கரன்ட் இல்லாமல் சார்ஜிங்கே தொடங்காது. அப்புறம் பெல்ட். எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் தொளதொள என்றிருந்தால் காலையில் கீச்சென்று கத்தும் சத்தம் அதனுடையதுதான். உள்பக்கம் வெடிப்போ கண்ணாடி போன்ற பளபளப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் பல வண்டிகளில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான், அறுந்தால் எஞ்சினும் சூடேறிவிடும்.

அடுத்தது ஒயர், பலரும் கோட்டை விடும் இடம். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும் கறுப்பை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள் (லுங்கி, துண்டு, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது). 0.2, 0.3 வோல்ட் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த ஒயரிலோ அதன் முனையிலுள்ள லக்கிலோ பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. சுரண்டி, இறுக்கினால் வேலை முடிந்தது. இதே மாதிரி ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவிலும் பாருங்கள், அங்கே 0.2-க்குள் இருக்க வேண்டும். டயோடு சந்தேகம் வந்தால் எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் பார்ப்பார்கள், 0.5-க்கு மேல் போனால் டயோடு போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் என் மஞ்சள் மீட்டர் மாதிரி மலிவானவை ஏசியில் வைத்தால் 28, 30 என்று என்னவோ காட்டும், டிசியைப் பிரிக்கத் தெரியாத மீட்டர் அது, பயந்துவிடாதீர்கள்.

எனக்கு விளக்கு, பெல்ட், ஒயர் மூன்றுமே சரியாக இருந்தன. மிச்சம் கார்பன்தான், அதாவது ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் வளையங்களை உரசிக் கரன்ட் கொடுக்கும் சின்னக் கட்டைகள். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். ஆல்டர்னேட்டர் போல்ட்டுக்கு எப்போதும் பேட்டரி கரன்ட் வந்துகொண்டே இருக்கும், ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பெல்ட் போகும் வழியை போனில் படம் எடுத்துவிட்டு, டென்ஷன் போல்ட்டைத் தளர்த்தி, ஆளை வெளியே எடுத்தேன். பின் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புத் தூள். ஒரு கார்பன் கட்டை இன்னும் 6 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது, மற்றது தேய்ந்து 2 மில்லிமீட்டர்கூட இல்லை, ஸ்பிரிங் தள்ளியும் வளையத்தைத் தொடவில்லை. 5-க்குக் கீழே வந்தாலே மாற்றிவிடலாம். சிலவற்றில் கார்பனும் ரெகுலேட்டரும் ஒரே துண்டு, இரண்டு மூன்று ஸ்க்ரூவில் வந்துவிடும், சிலவற்றில் சால்டர் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இரண்டு செம்பு வளையங்களையும் ஜீரோ நம்பர் உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, வளையத்துக்கும் வளையத்துக்கும் ஓம் பார்த்தேன், 3 காட்டியது. 2 முதல் 4 வரை பொதுவாகச் சரி. வளையத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. புதுக் கார்பனை உள்ளே அழுத்திப் பிடிக்கப் பின்னால் ஒரு துளை இருந்தால், நேராக்கிய பேப்பர் கிளிப்பை அதில் குத்தி நிறுத்திவிட்டு மூடியைப் பூட்டியதும் உருவிவிடுங்கள். இந்த வித்தை தெரியாமல் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கார்பன் விலை, குடும்பத்தோடு டிபன் சாப்பிடும் காசுகூட இல்லை. பேட்டரிக்குக் கொடுத்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வார்னிஷ் கருகிய வாசனை வந்தாலோ, வளையத்தில் ஆழமாகக் கோடு விழுந்திருந்தாலோ, கையால் சுற்றும்போது பேரிங் கரகரத்தாலோ கடைக்குக் கொண்டுபோங்கள். காயில் கட்டவும் பேரிங் இழுக்கவும் அவர்களிடம் கருவி இருக்கிறது. கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டியதும் காலி பேட்டரியோடு வண்டியை ஓட்டி, அது தானாக ஏறிக்கொள்ளும் என்று விடாதீர்கள், செத்த பேட்டரியை நிரப்பும் வேலை ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கொன்றுவிடும். ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டு அப்புறம் மாட்டுங்கள். பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி முறுக்காதீர்கள், அது பேரிங்குக்கு எமன். புது பெல்ட் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் ஓடியதும் கொஞ்சம் நீளும், அப்போது ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்து மறுபடி இழுத்துக் கட்டிவிடுங்கள்.