நீண்ட கூந்தலுக்குக் கண்டிஷனர்: யாழ்ப்பாணத்து வீடுகளில் நடக்கும் தவறுகள்

கண்டிஷனர் பூசினால் முடி கொட்டும் என்று யாழ்ப்பாணத்தில் எத்தனையோ தாய்மார் உறுதியாக நம்புகிறார்கள். மகள் பூசினாள், மறுநாளே தலை பிசுபிசுத்தது, சீப்போடு கொத்தாக முடி வந்தது. அத்துடன் அந்தப் போத்தல் குளியலறை மூலைக்குப் போய்விட்டது. பிழை பெரும்பாலும் போத்தலுக்குள் இருப்பதில்லை. பூசிய இடத்திலும் பூசிய விதத்திலும்தான் இருக்கிறது. பெண்பிள்ளையின் கூந்தலை இவ்வளவு அக்கறையோடு வளர்க்கும் ஊரில் இதை யாரும் விளக்கிச் சொல்லாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எங்கள் கைகள் எண்ணெய் வைத்துப் பழகியவை. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ உள்ளங்கையில் ஊற்றி உச்சியில் வைத்து, விரல் நுனிகளால் அழுத்தித் தேய்த்து, மிச்சத்தைத்தான் கீழே இழுத்து விடுவோம். கண்டிஷனரையும் அதே கை அதே வழியில் கொண்டுபோய் உச்சந்தலையில் வைத்துவிடுகிறது. எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான். தலைத்தோல் தானே எண்ணெய் சுரக்கிறது. வேருக்குப் பக்கத்தில் இருக்கும் முடியை அது பார்த்துக்கொள்ளும். அந்த இடத்தில் கண்டிஷனரையும் தேய்த்தால் முடி தலையோடு ஒட்டிக் கிடக்கும், அரிப்பு வரும், இரண்டே நாளில் மறுபடி முழுக வேண்டியிருக்கும். காய்ந்து கிடக்கும் நுனிக்கோ எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

நுனியின் வயதை யோசித்துப் பாருங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக வளர்கிறது. பதினோராம் ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஒரு பிள்ளைக்கு 65 செ.மீ. நீளக் கூந்தல் இருக்கிறது என்றால், அதன் நுனி அவள் ஆறாம் ஆண்டு படித்தபோது தலையிலிருந்து வெளியே வந்தது. அன்றிலிருந்து அது எத்தனை இரட்டைப் பின்னலுக்குள் மடிந்து ரிபனால் இறுகியிருக்கும், சைக்கிளில் போகும்போது எத்தனை சோளகக் காற்றில் அடிபட்டிருக்கும்! உச்சியில் இருப்பதோ போன மாதம் முளைத்தது. இரண்டையும் ஒரே விதமாகக் கவனிப்பதில் நியாயம் இல்லை.

இதற்குள் ஒரு சின்ன இரசாயனமும் இருக்கிறது. ஒவ்வொரு முடியின் மேற்புறமும் ஓட்டுக்கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று படிந்த நுண்ணிய செதில்களால் ஆனது. புதிய முடியில் அந்தச் செதில்களின் மேல் இயற்கையான கொழுப்புப் படலம் ஒன்று இருக்கும். கழுவக் கழுவ, வெயில் படப்பட அந்தப் படலம் போய்விடும். செதில்களின் ஓரமும் உடையும். அப்படித் தேய்ந்த இடம் நீரில் நனைந்திருக்கும்போது கூடுதலான மறை மின்னேற்றம் (நெகட்டிவ்) கொண்டிருக்கும். கண்டிஷனரின் முக்கியமான பொருட்கள், அதாவது போத்தலின் பின்புறத்தில் பெஹென்ட்ரிமோனியம் குளோரைட், செட்ரிமோனியம் குளோரைட் என்பன போன்ற நீண்ட பெயர்களில் இருப்பவை, நேர் மின்னேற்றம் (பொசிட்டிவ்) கொண்டவை. எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று இழுக்கும். ஆகவே அவை தேய்ந்த இடங்களில்தான் கூடுதலாக ஒட்டுகின்றன. அலசிய பிறகும் முடியில் வழுவழுப்பு மிஞ்சுவது இதனால்தான். செட்டைல் அல்ககோல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அஞ்சவும் தேவையில்லை; அது முடியை உலர்த்தும் அல்ககோல் அல்ல, மெழுகுபோன்ற கொழுப்புப் பொருள்.

சரி, சீப்போடு வந்த முடி? ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. கூந்தல் நீளமாக இருந்தால் உதிர்ந்த முடி நிலத்தில் விழாது. பின்னலுக்குள்ளேயே சிக்கி நிற்கும். வெள்ளிக்கு வெள்ளி மட்டும் முழுகும் பெண்ணுக்கு, வாரம் முழுவதும் சிக்கி நின்றதில் பெரும்பங்கு கண்டிஷனரின் வழுக்கலில் ஒரே நேரத்தில் வெளியே வரும். பார்ப்பவர் நெஞ்சு பதறத்தான் செய்யும். அந்த முடியில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து தன் காலம் முடிந்து விழுந்தது. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் இடையில் முறிந்தது. முறிவு கூடினால் நீங்கள் முடியைக் கையாளும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நீர் சொட்டும் தலையில் பூசாதீர்கள்

ஷாம்பு போட்டு அலசியவுடன், நீர் வழிந்துகொண்டிருக்கும் கூந்தலில் கண்டிஷனரை வைத்தால் பாதி அப்படியே காலடிக்குப் போய்விடும். நீண்ட கூந்தல் பிடித்து வைத்திருக்கும் நீரின் அளவு பலருக்குத் தெரிவதில்லை. முழுக் கூந்தலையும் ஒரு தோளின் முன்னால் கொண்டுவாருங்கள். பிடரியிலிருந்து தொடங்கி, இரண்டு கைகளாலும் பிடித்து, மேலிருந்து கீழாகப் பிழிந்துகொண்டே வாருங்கள். முறுக்கக் கூடாது. நனைந்த முடி உப்பி, இழுபட்டு, பலவீனமாக இருக்கும். முறுக்கினால் செதில்கள் கிளம்பும். இரண்டு மூன்று முறை பிழிந்து, ஈரம் மட்டும் மிஞ்சி, சொட்டு நின்ற பிறகு பூசத் தொடங்கலாம்.

அடுத்தது, பலர் மேலாகப் பூசிவிட்டு முடிந்தது என்று நினைப்பது. அடர்த்தியான கூந்தலில் வெளியே தெரியும் முடி சிறு பங்குதான். உண்மையான சிக்கு பிடரிக்குக் கீழே, உட்பக்கத்தில் இருக்கிறது. சட்டைக் கழுத்து உரசும் இடம், வியர்வை தேங்கும் இடம், இரவு தலையணையில் அமரும் இடம் எல்லாம் அதுதான். ஆகவே கூந்தலை நடுவே இரண்டாகப் பிரித்து இரண்டு தோள்களின் முன்னாலும் விடுங்கள். மிக அடர்த்தி என்றால் நான்காகப் பிரியுங்கள். ஒரு பங்குக்கு உரியதை உள்ளங்கைகளில் தேய்த்துப் பரப்பிக்கொண்டு, முதலில் நுனியில் வையுங்கள். பிறகு நடுப்பகுதிக்கு வாருங்கள். காதுமடலுக்கு மேலே கையைக் கொண்டுபோக வேண்டாம். கையில் மிஞ்சிய மெல்லிய வழுக்கலோடு விரல்களைப் பிடரியின் உட்பக்கம் விட்டு, கீழ்நோக்கி ஒருமுறை இழுத்து விட்டால் போதும்.

இந்த நேரத்தில்தான் பற்கள் அகன்ற சீப்பை எடுக்க வேண்டும். நுனியில் ஒரு சாண் அளவு முதலில், பிறகு அதற்கு மேல் ஒரு சாண், அப்படியே மேலே. உச்சியில் வைத்து ஒரே இழுவையில் கீழே கொண்டுவந்தால் எல்லாச் சிக்கும் நுனியில் திரண்டு முடிச்சாகிவிடும். அந்த முடிச்சைக் கத்தரிக்கோல்தான் பிரிக்கும். கண்டிஷனர் இருக்கும்போது சிக்கெடுத்தவர்கள் முழுகி முடிந்தபின் சீப்போடு சண்டைபிடிக்கத் தேவையில்லை.

அளவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கடையில் தொங்கும் சிறு பக்கெற் ஒன்று இடுப்பளவு கூந்தலுக்குப் போதாது. ஒரு மேசைக்கரண்டி அளவில் தொடங்கி, கை வழுக்காத இடத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் எடுங்கள். நேரமும் அப்படித்தான். பூசியவுடனே ஊற்றிக் கழுவுவது வீண். அரை மணித்தியாலம் ஊறவைப்பதாலும் கூடுதல் பயன் இல்லை. ஒட்ட வேண்டியது இரண்டு மூன்று நிமிடங்களில் ஒட்டிவிடும். அந்த நேரத்தில் சிக்கெடுத்து முடித்துவிடலாம்.

அலசும்போது முடி கீச்சென்று சத்தமிடும்வரை கழுவுவது எங்கள் வீடுகளில் நல்ல பழக்கம் என்று எண்ணப்படுகிறது. சவர்க்காரம் போட்ட காலத்தில் அது சரி. கண்டிஷனருக்கு அது பொருந்தாது. பூசியது கரைந்து நீர் தெளிவாக ஓடும்வரை அலசினால் போதும். விரலுக்கு ஒரு மெல்லிய வழுவழுப்பு மிஞ்ச வேண்டும். கொதிநீர் வேண்டாம். தலையை அலசி முடித்தபின் நெற்றி, கழுத்து, முதுகு மூன்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வழிந்த கண்டிஷனர் தோலில் தங்கினால் முதுகிலும் நெற்றியிலும் பருக்கள் வரும்.

எங்கள் கிணற்று நீர்

எவ்வளவு பூசியும் முடி வைக்கோலாகவே இருக்கிறது என்று சொல்பவர்கள், ஒருமுறை தங்கள் வீட்டுக் கேத்திலைத் திறந்து அடியைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக, கல்லாகப் படிந்திருக்கிறதே, அதுவே காரணம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. நாங்கள் காலங்காலமாக நம்பியிருப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கி நிற்கும் நிலத்தடி நீரை. அந்த நீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. தீவுப்பகுதிகளிலும் கரையோரங்களிலும் உப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு முழுக்கிலும் அந்தக் கல்சியம் கொஞ்சம் கொஞ்சமாக முடியில் பற்றிக்கொள்கிறது. அது படிந்த முடி மங்கி, சொரசொரத்து, சீப்புக்கு அடங்காது.

இதைக் கண்டு கண்டிஷனரை இரட்டிப்பாக்குவதுதான் பெருந்தவறு. படிந்த கல்சியத்தை அது கழற்றாது. அதன் மேலே இன்னொரு படலமாக அமரும். முடி பாரமாகும், மினுமினுப்பு வராது. படிவைக் கழற்றுவதற்கு அமிலம் வேண்டும், அல்லது கல்சியத்தைப் பற்றி இழுக்கும் ஈ.டி.டி.ஏ. (EDTA) என்ற பொருள் சேர்ந்த ஷாம்பு வேண்டும். அம்மம்மாக்கள் சீயாக்காயையும் வெந்தயத்தையும் அவிக்கும்போது தேசிக்காயையும் வெட்டிப் போட்டது நினைவிருக்கும். அந்தப் புளிப்பு வீணாகச் சேர்க்கப்பட்டதல்ல. இன்று அவிப்பதற்கு நேரம் இல்லாதவர்கள், ஒரு லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றை வடித்துக் கலந்து, ஷாம்புவுக்குப் பிறகு, கண்டிஷனருக்கு முன், கூந்தலின் நீளத்தில் ஊற்றி ஒரு நிமிடத்தில் அலசிவிடலாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். தலைத்தோலில் புண் இருந்தால் வேண்டாம். தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் நிற்கவும் கூடாது. தோல் வெந்து கறுத்துவிடும்.

கடைசியாக ஊற்றும் ஒரு செம்பு நீரை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் நல்லது. நீரைக் கொதிக்கவைக்கும்போது கடினத்தன்மையின் ஒரு பகுதி கேத்திலின் அடியில் படிந்துவிடும். அந்த நீரை ஆறவைத்து, கலங்காமல் மேலாக வடித்து, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுத்தமான வாளியில் பிடித்த நீர் இன்னும் நல்லது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் தினமும் முழுகிக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். அந்த நாட்களில் தினமும் ஷாம்பு போடத் தேவையில்லை. நீரால் அலசி, நுனிக்கு மட்டும் கண்டிஷனர் வைத்தால் போதும்.

எண்ணெயும் கண்டிஷனரும் எதிரிகள் அல்ல. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது முடியின் புரதம் இழக்கப்படுவதைக் குறைக்கிறது என்பது 2003இல் வெளியான ஓர் ஆய்வில் காட்டப்பட்டிருக்கிறது. அதே ஆய்வில் கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அந்தப் பயனைத் தரவில்லை. ஆகவே முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் வைப்பது நல்ல வழக்கம். ஆனால் அந்த எண்ணெயை ஷாம்புவால் நன்றாக எடுக்காமல் அதன்மேலேயே கண்டிஷனர் பூசினால் அது முடியைத் தொடாது, எண்ணெயில்தான் மிதக்கும்.

இன்னொரு தவறு, வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் வந்த போத்தலைப் படிக்காமல் பூசுவது. அலசிவிட வேண்டிய வகை, அலசாமல் விட வேண்டிய வகை, வாரம் ஒருமுறை மட்டும் பூசும் தடித்த வகை என்று மூன்றும் ஒரே மாதிரிப் போத்தலில் வரும். பிரெஞ்சிலோ ஜெர்மன் மொழியிலோ எழுதியிருந்தால், அனுப்பியவருக்கே ஒரு படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

உச்சந்தலையில் கண்டிஷனர் பூசலாம் என்று நான் சொல்லும் சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளையின் தலையில் பேன் இருந்தால், ஈரத் தலையில் தாராளமாகக் கண்டிஷனர் பூசி, பேன்சீப்பை வேரிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை என இரண்டு வாரங்களுக்குச் செய்தால், ஈரிலிருந்து புதிதாக வெளிவருபவையும் அகப்படும்.

முழுகி முடிந்ததும் நடப்பதையும் சொல்லாமல் விட முடியாது. தலையைக் குனிந்து, கூந்தலை முன்னால் தொங்கவிட்டு, துவாயை முறுக்கி அடித்து நீர் தெறிக்க உலர்த்துவது எங்கள் வீடுகளில் தலைமுறைகளாக நடக்கிறது. கண்டிஷனர் பூசி மென்மையாக்கிய நுனியை அந்த அடி உடைத்துவிடும். பழைய பருத்திச் சேலைத் துண்டு அல்லது மெல்லிய துவாய் ஒன்றால் கூந்தலைச் சுற்றி, அழுத்தி அழுத்தி ஈரத்தை எடுத்தால் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில் முழுகவார்த்து, ஈரம் காயமுன் இறுக்கி இரட்டைப் பின்னல் போடுவதும் அதே கேட்டைத்தான் செய்கிறது: இழுபட்ட ஈர முடி பின்னலின் வளைவுகளில் முறியும், உள்ளே ஈரம் தங்கி நாறும். அவளுக்கு முழுக்கை முதல்நாள் பின்னேரத்துக்கு மாற்றிவிடுங்கள். படுக்கைக்குப் போகுமுன் கூந்தல் காய்ந்துவிடும், காலையில் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு சீப்பால் இரண்டு முறை இழுத்தால் பின்னலாம்.