பைலட்டுக்குக் கூலிங் கிளாஸ்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

ஆப்டிகல்ஸ் கடையில் போய், "பைலட்டுக்குப் படிக்கிறேன், நல்ல கூலிங் கிளாஸா காட்டுங்க" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் போலரைஸ்டு லென்ஸைத்தான் எடுத்து வைப்பார். விலை கூடுதல், கண் கூச்சமும் சட்டென்று அடங்கும். கடற்கரைக்கும் மீன்பிடிக்கவும் அருமையான சரக்கு. காக்பிட்டுக்கு மட்டும் ஆகாது.

போலரைஸ்டு லென்ஸ் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும். தண்ணீரிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை அது வெட்டுவது அப்படித்தான். இன்றைய விமானங்கள் பலவற்றில் வேகம், உயரம், திசை எல்லாம் எல்சிடி திரையில் வருகின்றன. அந்தத் திரையின் ஒளியும் ஏற்கெனவே ஒரே திசையில் வடிகட்டப்பட்டதுதான். இரண்டு வடிகட்டிகளும் குறுக்கும் நெடுக்குமாக அமைந்தால் திரை கறுத்துவிடும். கடையில் இருக்கும் லேப்டாப்பிலேயே இதைச் சோதிக்கலாம்: திரைக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் லென்ஸுக்குள் திரை இருண்டால் அது போலரைஸ்டு. வரைபடம் பார்க்க டேப்லெட் வைத்திருப்பவருக்கு, நிமிர்த்திப் பிடித்தபோது தெரிந்த படம் படுக்கவைத்ததும் காணாமல் போகலாம்.

தொல்லை திரையோடு நிற்பதில்லை. விமானத்தின் முன்கண்ணாடியில் நம் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியாத அழுத்தக் கோடுகள், இந்த லென்ஸ் வழியே வானவில் திட்டுகளாகத் தெரியும். இதைவிட மோசமானது இன்னொன்று. எதிரே வரும் விமானத்தை முதலில் காட்டிக்கொடுப்பது பல நேரம் அதன் இறக்கையிலோ கண்ணாடியிலோ வெயில் பட்டு எழும் ஒரு மின்னல்தான். அந்தப் பளபளப்பையும் இந்த லென்ஸ் விழுங்கிவிடும். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, விமானிகள் போலரைஸ்டு லென்ஸைத் தவிர்க்கச் சொல்வது இந்தக் காரணங்களால்தான்.

அடுத்த தவறு, கறுப்பு கூடக் கூடப் பாதுகாப்பு கூடும் என்ற நினைப்பு. மேகத்துக்கு மேலே பறக்கும்போது வெளிச்சம் கீழிருந்தும் அடிக்கும். தரையில் நமக்கு உதவும் புருவமும் தொப்பியும் அங்கே கைகொடுக்காது. அதே நேரம் கருவிப் பலகை நிழலில் கிடக்கும். வெளியே கூசும் வெள்ளை, உள்ளே மங்கல். இரண்டையும் ஒரே லென்ஸ் சமாளிக்க வேண்டும். சுமார் 15% ஒளியை உள்ளே விடும் லென்ஸ் இதற்குத் தோது. ரே-பான் நிறுவனத்தின் புகழ்பெற்ற ஜி-15 லென்ஸின் பெயரில் இருக்கும் 15 இதே கணக்குதான். ஐரோப்பியத் தர வரிசையில் 3ஆம் வகை 8 முதல் 18% வரை ஒளி விடும். 4ஆம் வகை 3 முதல் 8% தான். பனிமலைக்காரர்களுக்கானது, கார் ஓட்டவே கூடாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மேலே கறுத்துக் கீழே வெளிறும் லென்ஸும் நல்லதே. கண்ணைத் தாழ்த்தினால் பலகை தெளிவாகத் தெரியும்.

புற ஊதாத் தடுப்புக்கும் கறுப்புக்கும் சம்பந்தமில்லை. நிறமே இல்லாத லென்ஸாலும் அதைத் தடுக்க முடியும். தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிதான் வம்பு. லென்ஸ் தரும் இருட்டில் கண்மணி விரிய, ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் 5% கூடிக்கொண்டே போகும் புற ஊதாக் கதிர் உள்ளே நுழையும்.

நிறத்தில் சாம்பல், சாம்பல் பச்சை, பழுப்பு மூன்றில் ஒன்றோடு நில்லுங்கள். மஞ்சளும் ஆரஞ்சும் பார்வையைக் கூர்மையாக்குவதுபோல் தோன்றும், ஆனால் நிறங்களைக் குழப்பும். தரையிறங்கும்போது ஓடுபாதை ஓரத்து விளக்குகள் சிவப்பா வெள்ளையா என்பதை வைத்துத்தான் உயரம் சரியா என்று முடிவெடுக்கிறோம். எச்சரிக்கை விளக்கு மஞ்சளில் எரியும். அங்கே நிறம் திரியக் கூடாது.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ் வசதியாகத் தோன்றும். அதைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் புற ஊதாக் கதிர்; அதில் பெரும்பங்கை முன்கண்ணாடியே தடுத்துவிடுவதால் காக்பிட்டுக்குள் அரைகுறையாகத்தான் கறுக்கும்.

பிரேமை ஹெட்செட்டோடு சேர்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். காதில் மாட்டும் தண்டு தடிமனாக இருந்தால் ஹெட்செட்டின் மெத்தை காதோடு ஒட்டாது. இடுக்கு வழியே எஞ்சின் இரைச்சல் வரும், சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கும். 1930களில் அமெரிக்க ராணுவ விமானிகளுக்காக உருவான ஏவியேட்டர் வகையின் ஒல்லிக் கம்பித் தண்டு இன்றும் இதற்குப் பொருந்துகிறது. ஹெட்செட்டைக் கடைக்கே எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பவர் உள்ளவர்கள் கூலிங் கிளாஸையும் பவரோடுதான் செய்ய வேண்டும். கண்ணாடி போட்டுத்தான் பறக்க வேண்டும் என்று மருத்துவச் சான்றிதழில் இருந்தால், மாற்றுக் கண்ணாடி ஒன்று கைவசம் இருப்பது சர்வதேச விதி. அந்தி சாயும்போது கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு அதை மாட்ட வேண்டியிருக்கும் என்பதால், மேல்சட்டைப் பையில் வையுங்கள். பின்சீட்டுப் பைக்குள் கிடந்தால் பறக்கும்போது எட்டாது.