பேச என்ன இருக்கிறது என்று தேடாதீர்கள், அவர் சொன்னதைப் பிடியுங்கள்

அறிமுகம் இல்லாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் "இவரிடம் என்ன பேசுவது" என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிடுகிறோம். தேவையே இல்லை. அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து கேளுங்கள்.

ஒருவர், "வேலை மாறி ரெண்டு மாசம் ஆகுது, இன்னும் பழகல" என்கிறார் என்று வையுங்கள். நம்மில் பலர் உடனே, "நானும் போன வருஷம்தான் மாறினேன்" என்று சொந்தக் கதைக்குள் போய்விடுவோம், அவர் தலையாட்டுவார், பேச்சு அங்கேயே படுத்துவிடும். அதே இடத்தில் "எது பழகல, வேலையா, ஆட்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மனதில் இருப்பதை அவரே கொட்ட ஆரம்பிப்பார்.

சுலபம் போலத் தெரியும், ஆனால் கஷ்டம், அதற்குக் காரணமும் உண்டு. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் அடுத்தவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக 0.2 நொடிதான் இடைவெளி இருந்தது. ஒரு சொல்லை மூளை தயார் செய்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிட அதிக நேரம் ஆகும். அதாவது அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைக் கோர்க்கத் தொடங்கிவிடுகிறோம், பாதிக் காது அங்கே இல்லை. அதனால் அவர் முடித்ததும் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசுங்கள். முதல் சில நாள் அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். அந்த இடைவெளியில்தான் பலர் இன்னொரு வாக்கியம் சேர்த்துச் சொல்வார்கள், உண்மையான விஷயம் பெரும்பாலும் அதில்தான் வரும்.

தொழில் பேச்சில் இதோடு வேறு சிலவும் வேண்டும். போவதற்கு முன்பே உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள், நலம் விசாரித்த கையோடு அதைச் சொல்லிவிடுங்கள். விலை சொன்னால், சொல்லிவிட்டு நிறுத்துங்கள், எதிராளி யோசிக்கும்போது நீங்களே பதறிக் குறைத்துவிட வேண்டாம். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் யாருமே சாக்குச் சொல்லத்தான் பார்ப்பார்கள். "எந்த இடத்தில் சிக்கியது?" என்றால் வேலையைப் பற்றிய தகவல் வரும், நான் இதைத்தான் எப்போதும் சிபாரிசு செய்வேன். கிளம்பும்போது, "அப்போ வெள்ளிக்கிழமைக்குள் மாதிரியை அனுப்புகிறேன், பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்கிறீர்கள், சரிதானே?" என்று ஒருமுறை சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயர் சரியாகக் காதில் விழவில்லையா, அப்போதே கேட்டுவிடுங்கள், மூன்றாவது சந்திப்பில் கேட்பது இரண்டு பேருக்குமே தர்மசங்கடம். அப்புறம், போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பழகிப் பார்க்க இன்றைக்கே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், வீட்டில் இருப்பவர்கூடப் போதும். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை வைத்தே இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, அதன் பிறகு உங்கள் கதையைச் சொல்லுங்கள்.