வெட்டுவதற்கு முன் ஒரு வருடம் பாருங்கள்

சென்னையில் எங்கள் தெருப் பூங்காவைச் சீர்படுத்தலாம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். முதல் ஞாயிறு செய்த வேலை, மூலையில் மண்டிக் கிடந்த புதரை வெட்டியதுதான். பாம்பு வரும் என்று பயம். எருக்கு, தும்பை எல்லாம் ஒரே காலையில் போயின. அடுத்த வாரம், வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று நர்சரியில் காசு கொடுத்து இட்லிப்பூச் செடி வாங்கி வந்தோம்!

பூவில் தேன் குடிப்பதோடு பூச்சியின் கதை முடிவதில்லை. முட்டையிட அதற்கென்று ஒரு செடி வேண்டும். கறுப்பு ஓரம் வைத்த அந்த ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது எருக்கிலையில். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடுகிறவை வேறு. கறிவேப்பிலை இலையில் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தால் சற்று உற்றுப் பாருங்கள், அநேகமாக அது ஒரு குட்டிப் புழு. இலை ஓட்டையானதும் மருந்தடிக்கிறவர்கள் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடுவதில் அர்த்தமில்லை.

அப்புறம் மரம். சீக்கிரம் வளர வேண்டும், பூத்துக் குலுங்க வேண்டும் என்று தேர்வு செய்வதுதான் வழக்கம். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் ஏராளமாக விழுந்து கிடந்ததைப் பார்த்தோம். அதற்காக நாட்டு மரம் விழாது என்று சொல்லமாட்டேன். அடிமரம் வரை சிமென்ட் பூசி வேரை நெருக்கினால் வேம்பும்தான் விழும். பூவரசு, புங்கன், புன்னை, நாவல் என்று நம் கடற்கரை மண்ணுக்குப் பழகியவற்றை, மேலே மின்கம்பி இல்லாத இடத்தில், ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால் நடுங்கள். சித்திரையில் படம் எடுப்பதற்காக நட்டுவிட்டு, தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் தவிக்காதீர்கள். கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரம் வேண்டவே வேண்டாம், 2025இல் தமிழக அரசே அதற்குத் தடை போட்டுவிட்டது.

இன்னொன்று, வெட்டவெளியைக் கண்டாலே கை துறுதுறுப்பது. எல்லா நிலமும் காடாகிவிடக் கூடாது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கோரையும் ஆழமில்லாத நீரும் திறந்த வானமுமாக இருப்பதால்தான் பூநாரை அங்கே இறங்குகிறது. ஏரிக்குள்ளும் கரைச்சரிவிலும் நெருக்கமாகக் கன்று நட்டுக் குறுங்காடு என்று பெயர் வைப்பது அந்தப் பறவைகளைக் கிளம்பச் சொல்வதற்குச் சமம்.

சின்னக் குளம் வெட்டினால் கொசு வருமே என்று உடனே கம்பூசியா மீன் விடச் சொல்வார்கள். வெளிநாட்டு மீன் அது. கொசுப்புழுவோடு தவளையின் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். தட்டான் தானாக வந்து முட்டையிடும், அதன் குஞ்சுகளுக்குக் கொசுப்புழு நல்ல சாப்பாடு.

கற்றுக்கொள்வதிலும் ஒரு தவறு உண்டு. விவரம் தெரிந்த ஒருவர் பெயர்களை ஒப்பிக்க, மற்றவர்கள் தலையாட்டுவது. எங்கள் காவலாளி ஐயாவுக்குக் குக்குறுவான் பறவை கூடு வைக்க எந்தப் பட்ட கிளையைக் குடைகிறது என்று தெரியும், ஆனால் அதன் பெயர் தெரியாது. அவரிடம் கேட்க எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. (அதற்குள் அந்தக் கிளையைக் காய்ந்தது என்று வெட்டப் பார்த்தோம்.) பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, கால் மணி நேரம் போதும், குழந்தைகளோடு சேர்ந்துகொள்ளுங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். நான்கு பேர் படமெடுக்கப் போனால் பின்னாலேயே காக்கையும் போகும்.

சரி, எங்கள் மூலைக்கு என்ன ஆனது? நடைபாதை ஓரமாக இரண்டடி மட்டும் சுத்தம் செய்துவிட்டு மீதியை விட்டுவிட்டோம். எருக்கு தானாகவே முளைத்தது. களை எடுக்க வருகிறவர்கள் அதையும் பிடுங்கிவிடாமலிருக்க, "இங்கே வெட்ட வேண்டாம்" என்று எழுதி ஒரு பலகை வைத்தோம். அதைப் பக்கத்துப் புங்கமரத்தில் ஆணி அடித்து மாட்டியது எங்கள் அடுத்த தவறு.