வால் தொங்குகிறது என்று சுமையைப் பின்னால் தள்ளாதீர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், மலேசியாவின் பீடோரில் எங்கள் பட்டறை வாசலில் கேரவன், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டும் சக்கர வீடு, இழுக்கும் பிக்கப்புகள் வந்து நிற்கும். பெரும்பாலும் தோட்டத்தில் வளர்ந்து இப்போது வெளியே நல்ல வேலையில் இருக்கிற பிள்ளைகள். லுமுட்டுக்கோ கேமரன் மலைக்கோ குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள். முகம்தான் புதிது, தவறு பழையது. விளக்கு எரிகிறதா, கண்ணாடியில் பின்னால் தெரிகிறதா என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதுகூடப் பார்க்காதவர் கேரவன் பக்கமே போக வேண்டாம்.

சுமையைப் பின்னால் அடுக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கேரவனை மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் இறங்கும். "பின்னாடி தொங்குதுண்ணே" என்பார்கள். உடனே ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, கேஸ் தோம்பு (சிலிண்டர்) எல்லாம் கேரவனின் வால் பக்கம் போய்விடும். பிக்கப் நிமிர்ந்து நேராக நிற்கும். பார்க்க அழகுதான்.

கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அதன் மூக்கு (முன்னால் நீட்டியிருக்கும் இழுவைக் கம்பி) வழியாகப் பிக்கப்பின் கொக்கியில் அழுந்த வேண்டும். 1,200 கிலோ கேரவன் என்றால் 120 முதல் 180 கிலோ. அது குறைந்தால் கேரவன் வாலை ஆட்டும். தோளில் காண்டாக் கம்பு வைத்து, முன்னும் பின்னும் ரப்பர் பால் வாளி சுமந்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்வாளி கனத்தால் நடை கோணிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

"டவுனுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பது அடுத்த பேச்சு. ஐம்பது அறுபதில் நன்றாகத்தான் இருக்கும். அந்த வேகத்தில் ஆட்டம் வந்தாலும் தானே அடங்கிவிடும். ஒரு வேகத்தைத் தாண்டினால் அடங்காது, ஒவ்வொரு வீச்சுக்கும் பெரிதாகும்.

எங்களிடம் கொக்கி போட்ட ஒரு தம்பிக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், தாப்பாவைத் தாண்டியதும் நடந்தது இதுதான். விரைவுப் பேருந்து ஒன்று முந்திப் போனது. அந்தக் காற்றுக்கே கேரவன் இடதும் வலதுமாக வீச ஆரம்பித்தது. பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தார். முன்னால் பிக்கப் தயங்க, பின்னால் கேரவன் முட்டித் தள்ள, சாலையோரத் தடுப்பில் உரசிக் கேரவன் கவிழ்ந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. பட்டறைக்கு இழுத்து வந்தபோது கதவை நெம்பித் திறந்தேன். ஜெனரேட்டர், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள், இரண்டு தோம்பு, எல்லாம் பின்சுவரை ஒட்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒரு முடிச்சுகூட அவிழவில்லை. "முன்னால வைக்கச் சொல்லித்தானே அனுப்பினேன்?" என்றேன். "தொங்கிச்சேண்ணே" என்றார். கேரவன் போய்விட்டது, வங்கிக் கடன் இன்னும் ஓடுகிறது.

கனமானவற்றைக் கேரவனின் சக்கர அச்சுக்கு மேலே, சற்று முன்தள்ளி, தரையோடு வையுங்கள். அப்படியும் பிக்கப் ரொம்பத் தொங்கினால் சுமை அதிகம் என்று அர்த்தம், இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டியையும் மறக்காதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால், போகும்போது சரியாக இருந்த மூக்கு, தொட்டி காலியாகித் திரும்பும்போது லேசாகிவிடும்.

நம் பக்கம் இதை அளப்பது சுலபம். செம்பனை எண்ணெய் ஆலையில் தெரிந்தவர் இருந்தால், குலை லோரிகள் வராத நேரமாகப் பார்த்து எடைமேடையைக் கேளுங்கள். கேரவனைக் கழற்றி முழுதாக மேடைமேல் நிறுத்தி ஒரு எடை. பிறகு பிக்கப்பில் மாட்டி, கேரவன் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்க இன்னொரு எடை. முதலில் 1,200, அடுத்து 1,060 என்றால் மூக்கில் 140 கிலோ. போகலாம்.

வழியில் ஆட்டம் வந்தேவிட்டால் ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள். கேரவன் பிரேக்குக்குத் தனிக் கைவிசை இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்துங்கள். பிக்கப் பிரேக்கைத் தொடாதீர்கள். வேகம் கூட்டி நிமிர்த்தலாம் என்று எவனாவது சொன்னால் அவனை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

"3,500 கிலோ இழுக்கும்ணே"

இழுக்கும், பிக்கப் காலியாக இருந்தால். ஐந்து பேர், பின் தொட்டி நிறையச் சாமான், அதோடு கொக்கியில் அழுந்தும் எடை, எல்லாம் பிக்கப் சுமக்கும் கணக்கில் சேரும். பிக்கப்பும் கேரவனும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற எண்ணைக் கையேட்டில் தேடுங்கள். விளம்பரத்தில் அது இருக்காது.

கொக்கிக் குண்டு

கேரவனைப் பூட்ட பிக்கப்பின் பின்னால் இருக்கும் குண்டைச் சொல்கிறேன். 50 மில்லிமீட்டர் குண்டும் ஒன்றே முக்கால் அரைக்கால் (1⅞) அங்குலக் குண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சின்னக் குண்டின்மேல் கேரவனின் பெரிய கொக்கி பூட்டியதுபோல நிற்கும், மேட்டில் ஏறி இறங்கினால் கழன்றுவிடும். குண்டின் தலையில் அளவு பொறித்திருப்பார்கள், படியுங்கள். பூட்டிய பிறகு மூக்கில் இருக்கும் ஜாக்கியைச் சுற்றுங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால்தான் பூட்டு பிடித்திருக்கிறது.

சங்கிலி

பிக்கப்பையும் கேரவனையும் இணைக்கும் காப்புச் சங்கிலிகளைக் குறுக்காக, மூக்குக்கு அடியில் மாட்டுங்கள்.

வீல் நட்டு

சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள்.

டயர்

பூ (தரையைத் தொடும் வரிகள்) தேயவில்லை என்று காட்டாதீர்கள். வெயிலில் சும்மா நின்றே கேரவன் டயர் செத்துவிடும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-வது வாரம் செய்தது. அந்த டயரோடு என் பட்டறைக்கு வந்தால் மாற்றாமல் அனுப்ப மாட்டேன்.

மலை இறக்கம்

ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது முதல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைப்பது கஷ்டம். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், கால் வைத்தபடியே இறங்காதீர்கள். கருகல் வாடை வந்தால் ஒதுக்கிடம் பார்த்து நிறுத்தி, தானாக ஆறட்டும். பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும்.