லாரிப் பட்டறைக் கழிவை விதிப்படி வெளியேற்றுவது எப்படி?

நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையின் கணக்கு வழக்கைப் பார்க்கிறேன். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பேரலில் என்ன இருக்கிறது, அது யார் வண்டியில் ஏறிப் போனது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். கழிவு விதிகளில் முக்கால்வாசி அந்தக் கேள்விதான்.

முதலில் அங்கீகாரம். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளில் பழைய ஆயில் 5.1 என்ற இனத்திலும், எண்ணெய் துடைத்த பனியன் வேஸ்ட் 33.2 என்ற இனத்திலும் வருகின்றன. படிவம் 1ஐ நிரப்பி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு எவ்வளவு கழிவு என்ற இடத்தில் பலர் கூசாமல் குறைத்து எழுதுகிறார்கள். பெரிய லாரி ஒன்றுக்கு ஆயில் மாற்றினாலே பதினைந்து, இருபது லிட்டர் இறங்கும். புது ஆயில் வாங்கிய பில்லை எடுத்து வைத்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட எவ்வளவு நேரமாகும்?

பேரல் கூரைக்கடியில், சிமென்ட் தளத்தில், சுற்றிலும் சிறு கரை கட்டிய இடத்தில் நிற்கட்டும். 'அபாயகரமான கழிவு' என்று தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் எழுதிய, தண்ணீரில் அழியாத படிவம் 8 லேபிளை ஒட்டுங்கள். சேர்த்து வைக்க உச்சவரம்பு 90 நாள். கூலண்டையும் பிரேக் ஆயிலையும் அதே பேரலில் ஊற்றும் பையன்களை அன்றன்றே கண்டியுங்கள். கூலண்டில் தண்ணீர் இருக்கிறது; தண்ணீர் கலந்த ஆயிலை மறுசுத்திகரிப்பவர் தொடமாட்டார்.

ஆயில் ஃபில்டரை அப்படியே குப்பையில் எறியக் கூடாது. கழற்றிய சூட்டிலேயே தலையில் ஒரு துளை போட்டுச் சல்லடைத் தட்டில் கவிழ்த்து வையுங்கள். முதலில் நூலாக ஒழுகும், பிறகு இரவெல்லாம் சொட்டும். காலையில் தட்டுக்கடியில் தேங்கியிருப்பதைப் பார்த்தால், இத்தனை நாளும் இதையா மண்ணில் விட்டோம் என்று தோன்றும். வடிந்த ஃபில்டருக்கும் பனியன் வேஸ்டுக்கும் தனித்தனி டிரம் வேண்டும்.

இனி, யாரிடம் கொடுப்பது? சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வேண்டும் என்று கேட்டு வருபவர் கையோடு ரொக்கம் தருவார். சீட்டு எதுவும் கேட்கமாட்டார். அந்தக் காசுக்கு ஆசைப்படாதீர்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளர் விலையைச் சற்றுக் குறைத்தே பேசுவார், ஆனால் தாள் தருவார். அவருடைய அங்கீகார நகலை வாங்கி, காலாவதித் தேதியையும் அதில் 5.1 இனம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வண்டி கிளம்பும்போது படிவம் 10 சரக்குச் சீட்டில் அளவு, வண்டி எண், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான நகல் திரும்பி வரும்வரை அதை முடிந்த கணக்காக நான் எழுதுவதில்லை.

கழிவுக் கணக்குக்கான படிவம் 3 பதிவேட்டை அன்றாடம் எழுதுங்கள். படிவம் 4 ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் ஜூன் 30. ஜூன் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய பதிவேட்டை எந்த அதிகாரியும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால் அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகலாம்.

2024 ஏப்ரல் முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கும் பழைய ஆயிலை மறுசுழற்சி செய்ய வைக்கும் கடமை வந்திருக்கிறது. அதற்காக நம் பாரம் இறங்கிவிடவில்லை.

பேட்டரிக்கு 2022ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய பேட்டரியை மரப்பலகை மீது நிமிர்த்தி வைத்து, புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஓடி முடிந்த லாரியைப் பட்டறையிலேயே கேஸ் கட்டரால் அறுத்துத் தரச் சொல்லி உரிமையாளர்கள் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். அது பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தின் வேலை. அங்கே வண்டியை ஒப்படைத்து, அதற்கு அத்தாட்சியான வைப்புச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.